பார்க்கலாம், நகலெடுக்கக் கூடாது

2019 செப்டம்பர் முதல் வாரத்தில், உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் மாவட்ட ஆட்சியர் செய்தியாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அச்சு நாளிதழில் பணிபுரியும் ஒருவர், பள்ளியில் தவறு நடப்பதைக் கண்டால் புகைப்படம் எடுத்திருக்கலாமே, காணொளி எதற்காக எடுத்தார்? அக்கேள்வி அன்று நாடெங்கும் நகைப்புக்கு இடமாயிற்று. நகைத்துவிட்டு அனைவரும் அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டோம். நலத்திட்ட முறைகேடுகள் வெளிவந்த வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கி வாசிப்பவர்களுக்கு அந்தக் கேள்வி நகைப்பைத் தராது. ஏற்கெனவே கேட்ட குரலாக ஒலிக்கும். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன் இராஜஸ்தானில் வேறு சொற்களில் அதே கேள்வி எழுப்பப்பட்டிருக்கிறது.

முதலில் மிர்சாபூரில் நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், ‘ஜன்சந்தேஷ் டைம்ஸ்’ என்னும் இந்தி நாளிதழின் செய்தியாளர் பவன் ஜெய்ஸ்வால், சியூர் என்ற கிராமத்தின் தொடக்கப் பள்ளிக்குச் சென்றார். அங்கே பிள்ளைகளுக்கு மதிய உணவு ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்று ஊரிலிருந்து அவருக்குத் தகவல் வந்திருந்தது. புறப்படும் முன் கல்வித் துறை அலுவலர் ஒருவரிடம் சொல்லிவிட்டே சென்றதாக அவர் பின்னர் கூறினார். பள்ளியில் பிள்ளைகள் தரையில் வரிசையாக அமர்ந்து, ரொட்டியை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அதைக் கைப்பேசியில் பதிவு செய்தார். தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் தரக்கூடிய சமைத்த உணவு வழங்கப்பட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மாநில அரசின் உணவுப் பட்டியலில் பருப்பு, காய்கறி, பால், பழம் எல்லாமே இருந்தன. தட்டில் உப்பு மட்டுமே இருந்தது.

காணொளி பரவியது. மாவட்ட நிர்வாகம் விசாரித்தது. நடந்தது உண்மையே எனக் கண்டு, பள்ளியின் பொறுப்பாசிரியர் உள்ளிட்டோரைப் பணியிடை நீக்கம் செய்தது. செய்தி ஒன்றின் இயல்பான வாழ்க்கை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 31 அன்று வட்டாரக் கல்வி அலுவலர் கொடுத்த புகாரின்பேரில் ஜெய்ஸ்வால் மீது முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 120பி, 186, 193, 420 ஆகிய பிரிவுகள். அதாவது குற்றச் சதி, அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு, பொய்ச் சான்று. கடைசிப் பிரிவின் எண்ணை இந்தியாவில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பருப்பையும் காய்கறியையும் இல்லாமல் ஆக்கியது ஏமாற்று வேலையாகத் தோன்றவில்லை. இல்லை என்று காட்டியது ஏமாற்று வேலையாயிற்று.

அந்தப் புகாரை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதன் வாதம் இதுதான்: அன்று பள்ளியில் காய்கறி இல்லை என்பதை அறிந்த ஊராட்சித் தலைவரின் பிரதிநிதி, காய்கறிக்கு ஏற்பாடு செய்வதை விடுத்துச் செய்தியாளரை அழைத்தார், இருவரும் சேர்ந்து அரசின் பெயரைக் கெடுத்தார்கள். கவனித்துப் பாருங்கள். காய்கறி இல்லை என்பதைப் புகார் மறுக்கவே இல்லை. செய்தியின் உண்மை அங்கே ஒப்புக்கொள்ளப்படுகிறது. அந்த உண்மை ஊர் எல்லையைக் கடந்ததே குற்றமாக எழுதப்படுகிறது. தகவல் சொன்னவர் கைது செய்யப்பட்டார். இந்தியப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் கண்டித்தது. இந்தியப் பத்திரிகை மன்றம் தானாகவே முன்வந்து விளக்கம் கேட்டது. டிசம்பரில் காவல்துறையே, ஜெய்ஸ்வால் மீது குற்றம் ஏதுமில்லை என்று முடித்தது. சிறு நகரத்துச் செய்தியாளர் ஒருவருக்கு அந்த மூன்றரை மாதம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை. 2022 மே 5 அன்று புற்றுநோயால் அவர் இறந்தார். அதற்கு முந்தைய வாரங்களில் தம் சிகிச்சைக்கு உதவி கேட்டு ட்விட்டரில் எழுதியிருந்தார்.

இனி, இராஜஸ்தான்.

1987இல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் ராஜ்சமந்த் பகுதியின் தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். வறட்சி நிவாரணப் பணிகளில் சாலை போட்டும் குளம் தூர்வாரியும் வந்த கூலியாள்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், ‘நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது’ என்ற விடை வரும். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால் அது அரசின் இரகசியம். வெள்ளையர் காலத்தில், 1923இல், ஒற்றர்களை மனத்தில் வைத்து இயற்றப்பட்ட அலுவல் இரகசியச் சட்டம், ஒரு கிராமத்தின் மண் வெட்டியவர்களின் பெயர்ப் பட்டியலுக்குக் காவல் நின்றது. இதிலிருந்துதான் 1990 மே தினத்தன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் உருவானது. மஸ்டர் ரோலைக் காட்டு என்பது அதன் கோரிக்கையாக வளர்ந்தது.

1994 டிசம்பர் 2ஆம் நாள் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் முதல் ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் முன் பொது விசாரணை, நடந்தது. எப்படியோ கைக்கு வந்த பதிவேட்டு நகல்கள் ஊரார் முன் உரக்க வாசிக்கப்பட்டன. முறை அவ்வளவுதான். இன்னார் இன்ன தேதிகளில் இத்தனை நாள் வேலை செய்து இவ்வளவு கூலி பெற்றார் என்று வாசிக்கப்படும்; கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, அவர் செத்துப் பல ஆண்டாயிற்றே என்பார். வேலைத்தளத்தையே பார்க்காதவர்களின் பெயர்கள் வந்தன. ஊரை விட்டுப் போனவர்களின் பெயர்கள் வந்தன. அடுத்தடுத்த விசாரணைகளில், கட்டி முடித்ததாகப் பணம் எடுக்கப்பட்ட கட்டடங்கள் கூரையின்றி நின்றதும், காகிதத்தில் மட்டுமே இருந்த நிறுவனத்துக்குப் பொருள் வாங்கியதாகப் பணம் போனதும் தெரியவந்தன. பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா என 1995 ஏப்ரலுக்குள் ஐந்து விசாரணைகள்.

எழுத்தறியாத பெரும்பான்மையோர் நிரம்பிய ஒரு கூட்டத்தில் எழுத்தை வாசித்தே ஊழலைப் பிடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிப்பது. பதிவேடு அலுவலகத்தில் இருக்கும்வரை அதில் பிழையே இல்லை. வாசிப்பவரும் எழுதியவரும் தணிக்கை செய்பவரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். கணக்கு ஒன்றோடொன்று பொருந்திவிடும். அதில் பெயர் கண்ட மனிதரின் முன் அதே தாளை வாசித்தபோதுதான் அது பொய் என்று ஆயிற்று. ஆகவே தாள் இடம் பெயர்வதே இம்முறையின் உயிர்நிலை.

எதிர்வினையும் மிகச் சரியாக அந்த இடத்தைத்தான் தாக்கியது. ஊராட்சிக் கணக்குகளை எழுதிய கிராம சேவகர்கள் பதிவேடுகளைக் காட்ட மறுத்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். அரசுத் தணிக்கைக்கு மட்டுமே தாங்கள் கட்டுப்பட்டவர்கள், ஊராருக்கு அன்று என்றார்கள். 1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் ஊராட்சிப் பணிகளின் ஆவணங்களை மக்கள் நகலெடுத்துக்கொள்ளலாம் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு கடந்தும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவரில் தர்ணா தொடங்கவிருந்த தறுவாயில் ஓர் ஆணை வந்தது. ஆவணங்களை மக்கள் பார்வையிடலாம், கையால் குறிப்பெடுத்துக்கொள்ளலாம். நகல் மட்டும் தரப்படாது.

காணொளி எதற்காக என்று 2019இல் மிர்சாபூரில் கேட்டவரின் முன்னோர் இந்த ஆணையை எழுதியவர்கள். இரண்டிலும் ஒரே தருக்கம் ஓடுகிறது. நீ பார்த்ததை எங்களால் மறுத்துவிட முடியும். கையால் எழுதியதை, அப்படி எழுதப்படவில்லை என்று சொல்லிவிட முடியும். நாளிதழில் வரும் மங்கலான புகைப்படத்துக்கும் ஏதேனும் விளக்கம் தந்துவிட முடியும். மறுக்க முடியாதபடி வெளியே செல்லும் பிரதிதான் இடர். தொழிலாளர்கள் அந்த ஆணையின் பொருளை உடனே கண்டுகொண்டார்கள்: நகலின்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க முடியாது. பியாவர் தர்ணா 40 நாள் நீண்டது. நகரத்து வணிகர்களும் சுற்றுப்புற ஊராரும் தானியமும் பணமும் தந்தார்கள். ‘ஜன்சத்தா’ ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி, குல்தீப் நய்யார், நிகில் சக்கரவர்த்தி போன்ற மூத்த இதழாளர்கள் துணைநின்றார்கள். பத்திரிகையாளர்கள் தங்கள் தொழிலுரிமையாகக் கருதி வந்த ஒன்றைக் கூலியாள்கள் வயிற்றுப்பாடாகக் கேட்பதை அவர்கள் அங்கே கண்டார்கள். நீதிபதி பி. பி. சாவந்த் தலைமையிலிருந்த பத்திரிகை மன்றம் அந்த ஆண்டே தகவல் உரிமைச் சட்டத்துக்கு ஒரு வரைவைத் தயாரித்தது. மிர்சாபூர் விவகாரத்தில் 2019இல் தானாக முன்வந்ததும் அதே மன்றம்தான்.

1997இல் ஜெய்ப்பூரில் ஐம்பது நாள்களுக்கும் மேலாக மற்றொரு தர்ணா. அதன் முடிவில், நகலெடுக்கும் உரிமை வழங்கும் அறிவிக்கை சில மாதங்களுக்கு முன்பே அரசிதழில் வந்துவிட்டது என்று அரசு சொன்னது! தகவல் பெறும் உரிமையைத் தந்த ஆவணமே எவருக்கும் தகவலாகத் தரப்படவில்லை. (அதே ஆண்டில் தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றி நாட்டிலேயே முதல் மாநிலம் என்ற பெயரைத் தமிழ்நாடு பெற்றது. விலக்குகள் மிகுந்து பயன் மெலிந்த சட்டம் அது. பெருமை பேசும்போது அதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.) 2001இல் ராஜ்சமந்த் மாவட்டத்தின் ஜனாவத் ஊராட்சியில், ஓராண்டுக்கும் மேல் போராடிப் பெற்ற ஆவணங்களைக் கொண்டு 60 இலட்சம் ரூபாய்க்கும் அதிகமான முறைகேடு வெளிக்கொணரப்பட்டது. 2005 அக்டோபர் 12 அன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. கோட் கிரானாவின் கூட்டம் சட்டத்தில் ஒரு பிரிவாயிற்று.

சட்டம் வந்தபின் எதிர்ப்பு குறையவில்லை. ஆவணத்தைவிட்டு ஆளைத் தேடியது. 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமூ மாவட்டத்தில், பொருளியலாளர் ஜான் திரேஸ் குழுவினர் நடத்திய வேலை உறுதித் திட்டச் சமூகத் தணிக்கைக்கு உறுதுணையாக இருந்த லலித் மேத்தா என்ற இளம் பொறியாளர் 14ஆம் நாள் கொல்லப்பட்டார். தணிக்கையை நிறுத்தாமல் அந்த மாதமே பொது விசாரணையை நடத்தி முடித்தார்கள்.

இதுவரை சொன்னவற்றில் எதிர்த்தரப்பு என்பது அலுவலர்களும் ஒப்பந்தக்காரர்களும். ஊரே எதிர்த்தரப்பாக மாறிய ஒரு நிகழ்வு உண்டு. நலத்திட்ட மோசடியை ஆராய்பவர்கள் இதைத்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து.

2017 செப்டம்பர் 28 அன்று ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டம் காரிமாட்டி கிராமத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி சோறு கேட்டபடியே இறந்துபோனாள் என்று அவள் தாய் சொன்னார். ஆதாருடன் இணைக்கப்படாததால் அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, பல மாதங்களாக அரிசி நின்றிருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில், ஆதார் இணைக்காத அட்டைகள் செல்லா என்று மாநிலத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருந்தார். மாநில உணவுத் துறை அமைச்சரே அந்த உத்தரவைத் தவறென்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். உணவு உரிமை இயக்கத்தினரும் இணைய இதழ்களும் அச்சாவை வெளிக்கொணர்ந்ததும், காரணம் மலேரியா என்று நிர்வாகம் அறிவித்தது. அதன்பின் நடந்தது எவரும் எதிர்பாராதது. ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டாய் என்று அக்கம்பக்கத்தார் அந்தத் தாயைத் தூற்றினார்கள். அவர் அச்சத்தில் வீட்டைவிட்டு வெளியேறினார்; பின்னர் காவல் பாதுகாப்புடன் திரும்பினார்.

மகளை இழந்தவரையே ஊர் ஏன் வெறுத்தது? கொடுமனம் என்று சொல்லி விலகிவிட முடியாது. ரேஷன் கடை அந்த ஊருக்கு ஒன்றுதான். அட்டையில் பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஒரே அலுவலகத்தில்தான். நாளை தம் அரிசியும் நிற்கலாம் என்று அஞ்சுபவர்கள், செய்தியாளரின் வண்டி போனபிறகும் அந்த ஊரிலேயே வாழ வேண்டியவர்கள். நலத்திட்டத்தில் திருடுபவரிடமே அதைப் பெறவும் வேண்டியிருக்கிறது என்பதுதான் இத்தகைய மோசடிக்கும் வங்கி மோசடிக்கும் உள்ள வேறுபாடு.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஜார்க்கண்ட் அரசு, இலட்சக்கணக்கான போலி ரேஷன் அட்டைகளை ஒழித்ததைத் தன் சாதனையாக அறிவித்தது. அதாவது, மோசடி என்ற சொல் அரசின் கையிலும் இருந்தது. அங்கே அதன் பொருள், ஏழைகள் செய்யும் மோசடி. கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் அம்மாநிலத்தில் நடத்திய கள ஆய்வு, நீக்கப்பட்ட அட்டைகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது உண்மையான குடும்பங்களுக்குரியவை என்று கண்டது.

2016க்குப் பின் கைப்பேசித் தரவின் விலை சரிந்தபோது, சிறு நகரங்களில் நாளிதழ்களுக்குச் செய்தி தந்து சொற்பப் பணம் பெற்றுவந்த பலர் தாங்களே வெளியீட்டாளர்களானார்கள். ரேஷன் கடை, கழிப்பறைக் கணக்கு, கிராமச் சாலை போன்ற தலைநகரத்து இதழ்கள் தொடாத செய்திகள் யூடியூபில் வந்தன. புந்தேல்கண்டில் 2002இல் அச்சிதழாகத் தொடங்கி ஊரகப் பெண்களே நடத்திவரும் ‘கபர் லஹரியா’ முழுமையாக இணையத்துக்கு மாறியது. பிரதியைத் தடுப்பது இனி இயலாத காரியம் என்று பலர் நம்பினார்கள், நானும் நம்பியிருப்பேன். பிரதி தப்பியது, பிரதி எடுத்தவர் தனியாக நின்றார். அரசு அங்கீகார அட்டையோ, நிறுவனத்தின் வழக்கறிஞரோ, பின்னால் நிற்கும் ஆசிரியரோ அவர்களில் பலருக்கு இல்லை.

பின்னால் நிறுவனம் இருந்தவர்களுக்கும் எளிதாக இருக்கவில்லை. 2020 ஜூனில் ‘ஸ்க்ரோல்’ இணைய இதழின் சுப்ரியா சர்மா, பிரதமரின் தொகுதியான வாரணாசியில் அவர் தத்தெடுத்திருந்த டோமரி கிராமத்தில் ஊரடங்குக் காலப் பசியைப் பற்றி எழுதினார். ஒரு வாரத்துக்குள், செய்தியில் பேசிய பெண் ஒருவரே, தாம் சொன்னது திரிக்கப்பட்டது என்று புகார் அளித்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவ்வழக்கில் சேர்ந்தது. இதழ் தன் செய்தியில் உறுதியாக நின்றது. அலகாபாத் உயர் நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது, வழக்கை நீக்கவில்லை. எவர் சொன்னது சரி என்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால், மறுப்பு அல்லது திருத்தம் என்னும் கட்டங்களைத் தாண்டி முதல் தகவல் அறிக்கைக்குப் போகும் வேகம், மிர்சாபூரைக் கண்டவர்களுக்குப் பழக்கமானது.

2025 ஜனவரி 3 அன்று சத்தீஸ்கரின் பீஜாப்பூரில், ‘பஸ்தர் ஜங்ஷன்’ என்ற யூடியூப் அலைவரிசையை நடத்திவந்த முகேஷ் சந்திராகரின் உடல், ஒப்பந்தக்காரர் ஒருவரின் இடத்தில், புதிதாகக் கான்கிரீட் பூசி மூடப்பட்டிருந்த கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குச் சில நாள்கள் முன்புதான் அப்பகுதியின் சாலைப் பணி முறைகேடு பற்றிய செய்தி வெளிவந்து அரசு விசாரணைக்கு உத்தரவிட்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவருக்கு உறவினர்கள் என்று செய்திகள் கூறின. சாலை நலத்திட்டம் ஆகாது என்று ஒருவர் சொல்லலாம். மஸ்டர் ரோல் கதை தொடங்கியதும் சாலை வேலையில்தான்.

கடைசியாக, மீண்டும் பதிவேட்டுக்கே வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு, தனிநபர் விவரங்களை மறுக்க அனுமதித்தது. ஆனால் அந்த விவரம் பொதுப்பணியோடு தொடர்பற்றதாக இருக்க வேண்டும், பெரும் பொதுநலன் இருந்தால் தரவும் வேண்டும், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரம்புகள் அப்பிரிவுக்குள்ளேயே இருந்தன. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் வழியே இந்த வரம்புகளை நீக்கி, தனிநபர் விவரம் என்றாலே மறுக்கலாம் என்று அதை மாற்றி எழுதியது. பொதுநலனை முன்னிட்டுத் தகவல் தர அனுமதிக்கும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்று அரசு சொல்கிறது. அது உண்மைதான். அந்தப் பொதுநலனை முதலில் எடைபோடுபவர் பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகத்தின் தகவல் அலுவலர் என்பதும் உண்மை.

மஸ்டர் ரோல் என்பது பெயர், நாள், கூலி, கைநாட்டு ஆகியவற்றின் தொகுப்பு. ஒவ்வொன்றும் தனிநபர் விவரம். ரேஷன் அட்டைப் பட்டியலும் அவ்வாறே. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த வரைவில் இதழியல் பணிக்குத் தனி விலக்கு இருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை.